எட்டு போட்டா போதுமா?

ஒரு சின்னக் கேள்வி. நீங்க 50 கிலோமீட்டர் வேகத்துல பைக்கில் போய்க்கிட்டு இருக்கீங்க. முன்னாடி போற ஷேர் ஆட்டோ இண்டிகேட்டர் போடாம, கையும் காட்டாம, ஒரு ஆளை ஏத்துறதுக்கு டக்குனு நிக்குது. எந்த பிரேக்கைப் பிடிப்பீங்க? எவ்வளவு அழுத்தமாப் பிடிப்பீங்க? அந்த ஆட்டோவுக்கும் உங்களுக்கும் நடுவுல எத்தனை மீட்டர் இருந்தா தப்பிப்பீங்க?

இதை ஹாஸ்டல்ல, கேன்டீன்ல, பார்க்கிங்ல பார்த்தவங்ககிட்ட எல்லாம் கேட்டுப் பார்த்தேன். அதிகமா வந்த பதில் இதுதான்: "பின் பிரேக்தான் மச்சி. முன் பிரேக்கைப் பிடிச்சா தூக்கி அடிச்சிடும்." எத்தனை மீட்டர்ங்கிற கேள்விக்கு ஒரு சிரிப்பு. "அதெல்லாம் அந்த நேரத்துல தானா வந்துடும்டா."

தானா வராது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: நமக்கு பைக்கைக் கிளப்பத் தெரியும், ஓட்டத் தெரியும். அவசரத்தில் நிறுத்தத் தெரியாது, விலக்கத் தெரியாது. அதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் அது நீச்சல் மாதிரி சொல்லித் தரக்கூடிய விஷயம். ஒரு காலி மைதானம், பத்து கோன், ஒரு அளவு டேப், தெரிந்த ஒரு ஆள், ஒரு நாள். இவ்வளவும் நம்ம காலேஜால் முடியும். அதைக் கேட்டு வாங்க வேண்டியது நாம்.

நாம எப்படிக் கத்துக்கிட்டோம்?

பெரும்பாலான வீடுகளில் கதை ஒண்ணுதான். முதலில் சைக்கிள். அப்புறம் தாத்தாவோ மாமாவோ வச்சிருந்த டிவிஎஸ் எக்ஸ்எல். பிளஸ் டூ லீவில் ஒரு சாயங்காலம் அண்ணன் பின்னாடி உட்கார்ந்து, "கிளட்ச்சை மெதுவா விடு, மெதுவா... டேய் மெதுவா!" என்று கத்துவார். நாலு தடவை ஆஃப் ஆகும். அஞ்சாவது தடவை வண்டி நகரும். தெரு முனை வரை போய்த் திரும்பி வந்தால் "அவ்வளவுதான், வந்துடுச்சு" என்று சர்டிபிகேட். பொண்ணுங்களுக்கு அதுவும் கிடையாது. ஸ்கூட்டியில் ரெண்டு காலையும் தரையில் தேய்ச்சுக்கிட்டே போகச் சொல்வார்கள், அப்பா பக்கத்திலேயே ஓடி வருவார்.

இதில் என்ன சொல்லித் தந்தார்கள் என்று யோசித்துப் பாருங்க. கிளட்ச், கியர், ஹாரன். எல்லாமே வண்டியை நகர்த்துவதற்கு. நிறுத்துவதைப் பற்றிச் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "முன் பிரேக்கைத் தொடாதே." சைக்கிள் காலத்தில் ஒரு தடவை முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்து மண்ணில் விழுந்த யாரோ ஒருவர் வீட்டில் சொன்னது, அப்படியே மூணு தலைமுறையாக வந்துகொண்டிருக்கிறது. சொன்னவர்கள் எல்லாரும் நம்ம மேல் பாசம் உள்ளவர்கள்தான். அவர்களுக்கும் யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

ஆர்டிஓ ஆபீசில் என்ன கேட்கிறார்கள்?

எல்எல்ஆர் வாங்கி 30 நாள் கழித்து டெஸ்ட்டுக்குப் போகிறோம். கால் ஊன்றாமல் எட்டு போட வேண்டும். போட்டால் லைசென்ஸ். சோதிக்கிற அதிகாரியை நம்ம ஊரில் "பிரேக் இன்ஸ்பெக்டர்" என்றுதான் கூப்பிடுகிறோம். ஆனால் பிரேக் பிடிக்கத் தெரியுமா என்று நம்மை யாரும் கேட்பதில்லை!

எட்டை நான் குறை சொல்லவில்லை. மெதுவான வேகத்தில் பேலன்ஸ், கிளட்ச் கட்டுப்பாடு, தலையைத் திருப்பிப் பார்ப்பது எல்லாம் அதில் இருக்கிறது. பத்து கிலோமீட்டர் வேகத்தில் வரக்கூடிய சிக்கலுக்கு அது நல்ல பரீட்சை. நம்ம ஆட்கள் அடிபடுவது பத்து கிலோமீட்டர் வேகத்திலா?

சட்டம்கூட எட்டோடு நிற்கவில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 15-ஆவது விதியை எடுத்துப் படித்துப் பாருங்க. லைசென்ஸ் கேட்பவர் செய்து காட்ட வேண்டியவை என்று ஒரு பட்டியல் இருக்கும். கண்ணாடியைச் சரிசெய்வது, சிக்னல் காட்டுவது, ஓவர்டேக் செய்வது, அதோடு அவசரத்தில் வண்டியை நிறுத்துவதும் அதில் இருக்கிறது. தாளில் இருப்பது மைதானத்துக்கு வரவில்லை.

பிரிட்டனில் 1990-லேயே ரோட்டுக்கு வரும் முன் அடிப்படைப் பயிற்சி கட்டாயம் ஆகிவிட்டது. 2009-இல் இருந்து அங்கே பைக் டெஸ்ட்டின் முதல் பகுதி ஒரு மூடிய மைதானத்தில் நடக்கிறது. அங்கேயும் எட்டு உண்டு. அதற்கப்புறம் 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து சறுக்காமல் அவசரமாக நிறுத்திக் காட்ட வேண்டும். அதே வேகத்தில் வந்து ஒரு தடையை விலக்கிக் காட்டவும் வேண்டும். நம்ம டெஸ்ட்டில் இல்லாத ரெண்டும் இதுதான்: நிறுத்து, விலக்கு.

ரெண்டு செகண்ட்

இந்த ரெண்டும் ஏன் முக்கியம்? அமெரிக்காவில் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையில் ஒரு குழு, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த சுமார் 900 பைக் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தது. அறிக்கை வெளிவந்தது 1981-இல். ரொம்பப் பழசுதான், வேற ஊர்தான். ஆனால் படிக்கும்போது நம்ம ஹாஸ்டலைப் பற்றி எழுதியது மாதிரியே இருக்கும்.

விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் முறையான பயிற்சி இல்லாதவர்கள். தானாகவோ, வீட்டு ஆட்களிடமோ, நண்பர்களிடமோ கற்றவர்கள். ஆபத்தைப் பார்த்த நொடியில் அவர்கள் செய்தது என்ன? பின் பிரேக்கை அதிகமாக மிதித்து டயரைச் சறுக்கவிட்டார்கள். முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவே இல்லை. ஹேண்டிலைச் சரியாகத் தள்ளி விலகும் திறமை கிட்டத்தட்ட யாரிடமும் இல்லை. இதற்கெல்லாம் அவர்களுக்குக் கிடைத்த நேரம் சராசரியாக ரெண்டு செகண்டுக்கும் குறைவு.

ரெண்டு செகண்டில் யாரும் யோசிக்க முடியாது. கை எதைப் பழகியிருக்கிறதோ அதைத்தான் செய்யும். "அந்த நேரத்துல தானா வந்துடும்" என்று சொல்பவர்களுக்கு என் பதில் இதுதான். தானாக வருவது பழக்கம்தான். நம்ம பழக்கம் பின் பிரேக்.

இப்போ நம்ம நாட்டுக்கு வருவோம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கைப்படி அந்த ஒரு வருடத்தில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். ஏறத்தாழ 75 ஆயிரம். ஒரு நாளைக்கு 205 பேர். நம்ம செக்‌ஷனில் 60 பேர் என்று வைத்துக்கொண்டால், மூணு கிளாஸ் முழுக்க, மேலே இன்னும் 25 பேர். தினமும். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த வருடம் தமிழ்நாடுதான் நாட்டிலேயே முதலிடம், 64,105. இறப்பில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்து நாம்.

இத்தனைக்கும் காரணம் பயிற்சி இல்லாததுதான் என்று சொன்னால் அது பொய். வேகம் இருக்கிறது, குடி இருக்கிறது, ஹெல்மெட் போடாதது இருக்கிறது, ராங் சைடில் வரும் டிப்பர் இருக்கிறது. ஆனால் அந்தக் கடைசி ரெண்டு செகண்ட் மட்டும் நம்ம கையில் இருக்கிறது. அதை ஏன் சும்மா விட வேண்டும்?

13 மார்க் கேள்வி

முதல் வருட எஞ்சினியரிங் மெக்கானிக்ஸ் ஞாபகம் இருக்கா? உராய்வு, ரியாக்‌ஷன், மொமென்ட். 13 மார்க்குக்கு எழுதினோம், மறந்தோம். அதே கணக்குதான் இங்கேயும்.

பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன் சக்கரத்துக்கு ஓடுகிறது. ஆள் உட்கார்ந்த ஒரு சாதாரண பைக்கின் ஈர்ப்பு மையம் தரையில் இருந்து சுமார் 65 சென்டிமீட்டர் உயரம், ரெண்டு சக்கரத்துக்கும் நடுவே 130 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்க. நன்றாக பிரேக் பிடித்தால், அதாவது வேகம் விநாடிக்கு விநாடி 6 மீட்டர் வீதம் குறைந்தால், மொத்த எடையில் சுமார் 30 சதவீதம் முன்னால் போய்விடும். ஆரம்பத்தில் பாதிப் பாதி இருந்த எடை இப்போது முன்னால் 80, பின்னால் 20. எடை இல்லாத சக்கரத்துக்குப் பிடிப்பு ஏது? பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் அந்த டயர் சீக்கிரமே லாக் ஆகி "கிரீச்"சென்று வழுக்கும். எவ்வளவு நன்றாக மிதித்தாலும் பின் பிரேக்கில் மட்டும் கிடைப்பது விநாடிக்கு விநாடி 3 மீட்டர்தான். அதுவே தாராளக் கணக்கு.

இப்போ ரெண்டு பேர். ரெண்டு பேரும் 60-இல் வருகிறார்கள். ஒரே இடத்தில் பிரேக் பிடிக்கிறார்கள். ரெண்டு பிரேக்கையும் சரியாகப் பிடித்தவர் 23 மீட்டரில் நிற்கிறார். பின் பிரேக் மட்டும் பிடித்தவர் நிற்க 46 மீட்டர் வேண்டும். அது பரவாயில்லை என்று தோன்றலாம். முதல் ஆள் நின்ற அந்த 23-ஆவது மீட்டரில் ரெண்டாவது ஆளின் வேகம் என்ன தெரியுமா? 42 கிலோமீட்டர். ஒருத்தர் நின்று மூச்சு விடுகிற இடத்தில் இன்னொருத்தர் 42-இல் போய் மோதுகிறார். வண்டி ஒண்ணு, டயர் ஒண்ணு, ரோடு ஒண்ணு. வலது கை விரல்கள் மட்டும் வேற.

ஆபத்தைப் பார்த்து, கை நகர்ந்து, பிரேக் பிடிக்கவே ஒரு செகண்ட் போய்விடும். அதையும் சேர்த்தால் 40-இல் நிற்க 21 மீட்டர், 60-இல் 40 மீட்டர், 80-இல் 63 மீட்டர். ஒரு கிரிக்கெட் பிட்ச் 20 மீட்டர். அதாவது 40-க்கு ஒரு பிட்ச், 60-க்கு ரெண்டு, 80-க்கு மூணு. இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. பைபாஸில் 80-இல் முன்னாடி போற லாரிக்குப் பின்னாடி எத்தனை பிட்ச் விட்டுப் போறோம்னு அடுத்த தடவை பாருங்க. பின்னாடி உட்கார ஒரு ஆள் இருந்தால் இன்னும் கூடவே விடணும். அதே அழுத்தத்துக்கு, எடை கூடின வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும்.

ஒரு நாள் வகுப்பில் என்ன நடக்கிறது?

போன செமஸ்டர் லீவில் இப்படி ஒரு பயிற்சிக்குப் போயிருந்தேன். பந்தய டிராக்கில் ரேஸ் பைக் வைத்து நடத்துவது வேற, அது நம்ம பட்ஜெட்டும் இல்ல, தேவையும் இல்ல. இது ஒரு காலி மைதானத்தில், அவரவர் சொந்த வண்டியில். பதினோரு பேர். உணவு டெலிவரி செய்யும் ஒரு அண்ணன், எட்டு வருஷமா ஸ்கூட்டர் ஓட்டுற ஒரு அக்கா, புதுசா வண்டி வாங்கின காலேஜ் பசங்க.

முதல் அரை மணி நேரம் யாரும் வண்டியைக் கிளப்பவே இல்லை. டயர் காற்று, செயின் தளர்ச்சி, பிரேக் லீவர் கைக்கு எட்டுகிறதா என்று பார்த்தோம். அந்த அக்காவின் ஸ்கூட்டரில் பிரேக் கேபிள் தளர்ந்து, லீவர் கைப்பிடி வரைக்கும் வந்தது. ரெண்டு திருகு திருகிச் சரிசெய்தார் மாஸ்டர். "இத்தனை நாள் இப்படியேவா ஓட்டினீங்க?" என்றார். "எல்லா வண்டியும் இப்படித்தான்னு நினைச்சேன் தம்பி" என்றார் அக்கா.

அடுத்தது பிரேக். ஒரு கோன். அதைத் தாண்டும்போது பிரேக் பிடிக்க வேண்டும், நின்ற இடத்தில் சாக்பீஸ் கோடு, டேப்பால் அளவு. முதலில் 20, அப்புறம் 30, கடைசியில் 40. டெலிவரி அண்ணன் நாள் முழுக்க வண்டியிலேயே இருப்பவர். 40-இல் அவருடைய முதல் அளவு 19 மீட்டர், பின் டயர் கறுப்புக் கோடு போட்டது. மாஸ்டர் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார்: "முன் பிரேக்கைப் புடுங்காதீங்க, பிழியுங்க. எலுமிச்சம்பழம் மாதிரி." வெடுக்கென்று பிடித்தால் எடை முன்னால் வந்து சேரும் முன்பே முன் சக்கரம் லாக் ஆகிவிடும். "தூக்கி அடிச்சிடும்" என்று வீட்டில் பயந்தது இதைத்தான். கொஞ்சமாக ஆரம்பித்து அரை செகண்டில் அழுத்தத்தைக் கூட்டினால், எடை முன்னால் வர வர டயரின் பிடிப்பும் கூடும். மதியத்துக்குள் அந்த அண்ணன் 11 மீட்டரில் நின்றார். 8 மீட்டர் மிச்சம். ஒரு வேன் நீளத்துக்கும் மேல!

கூடவே இன்னொரு பழக்கம். நெரிசலான இடத்தில் ரெண்டு விரலை எப்பவும் பிரேக் லீவர் மேல வச்சிருங்க. 50-இல் போகும்போது அரை செகண்ட் மிச்சமானால் 7 மீட்டர் மிச்சம்.

"எங்க வண்டியில ஏபிஎஸ் இருக்கு ப்ரோ" என்பவர்களுக்கு: நல்லது. 2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் புது வண்டிகளில் 125 சிசிக்கு மேல் ஏபிஎஸ், அதற்குக் கீழே குறைந்தது கோம்பி பிரேக் கட்டாயம். ஆனால் நம்மில் பலர் ஓட்டும் 150 சிசி வண்டிகளில் இருப்பது பெரும்பாலும் ஒற்றைச் சேனல் ஏபிஎஸ். அது முன் சக்கரத்துக்கு மட்டும்தான், பின் சக்கரம் இன்னமும் சறுக்கும். அதோட ஏபிஎஸ் வேலை செய்யும்போது லீவர் கையில் அதிரும். அதை முதல் தடவை ஒரு லாரிக்குப் பின்னாடி உணர்ந்தால் பயத்தில் கையை விட்டுவிடுவோம். மைதானத்தில் ஒரு தடவை உணர்ந்தவன் விடமாட்டான். வளைவில் சாய்ந்திருக்கும்போது சாதாரண ஏபிஎஸ் காப்பாற்றும் என்றும் நம்பிவிடாதீங்க. ஏபிஎஸ் வாங்கிட்டோம், பிரேக் பிடிக்கக் கத்துக்கல என்பது, கால்குலேட்டர் வாங்கிட்டோம், கணக்கு தெரியல என்பது மாதிரி.

மதியத்துக்கு மேல் விலகும் பயிற்சி. இங்கேதான் எல்லாருக்கும் ஆச்சரியம். 20, 25 வேகத்துக்கு மேல் இடது பக்கம் போக வேண்டும் என்றால், இடது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். ஆமாங்க, முன் சக்கரம் ஒரு கணம் வலது பக்கம் திரும்பும், வண்டி இடது பக்கம் சாயும், சாய்ந்த பக்கமே போகும். நம்பாதவர்கள் ஆளில்லாத நேரான இடத்தில் 30-இல் போகும்போது இடது கையை மெதுவாக, ரொம்ப மெதுவாக, தள்ளிப் பாருங்க. நாம் எல்லாரும் தெரியாமலே இதைச் செய்கிறோம். தெரியாமல் செய்வதால்தான் அவசரத்தில் உடம்பை மட்டும் ஆட்டிவிட்டு, வண்டி நகரவில்லையே என்று உறைந்துபோகிறோம். தெரிந்து தள்ளினால் ஒரு பள்ளத்தை விலக்க ஒரு நொடிகூட ஆகாது. விலகும்போது பிரேக் பிடிக்கக் கூடாது, பிரேக் பிடிக்கும்போது விலகக் கூடாது. டயருக்கு இருக்கும் பிடிப்பு ஒண்ணுதான், அதை ரெண்டு வேலைக்குப் பங்கு போட்டால் ரெண்டுக்கும் பத்தாது.

அப்புறம் கண். பள்ளத்தையே பார்த்தால் பள்ளத்தில்தான் விழுவோம். கண் போகும் இடத்துக்குத்தான் வண்டி போகும். "பள்ளம் எங்கன்னு ஒரு தடவை பாரு, அப்புறம் போக வேண்டிய வழியை மட்டும் பாரு தம்பி" என்று மாஸ்டர் நாள் முழுக்கக் கத்திக்கொண்டே இருந்தார். வளைவில் கொட்டிக் கிடக்கும் மணல், முதல் மழையில் மேலே வரும் ஆயில், ஈரமான ஜீப்ரா கோடு, பெயின்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கர் எல்லாவற்றுக்கும் ஒரே விதி: வேகத்தை அதற்கு முன்னாலேயே குறைத்துவிடு, அதன் மேல் போகும்போது பிரேக்கைத் தொடாதே, ஹேண்டிலை இறுக்காதே.

"சொல்லிக் கொடுத்தா இன்னும் வேகமாப் போவாங்க"

இதை ஒரு பேராசிரியர் என்னிடம் சொன்னார். நியாயமான பயம். திறமை வந்துவிட்டது என்ற நினைப்பில் ஆட்டம் போடுபவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். அதனால்தான் எதைச் சொல்லித் தருகிறோம் என்பது முக்கியம். வீலிங், ஸ்டாப்பி, முட்டி உரசுவது எல்லாம் சொல்லித் தந்தால் அவர் சொன்னதுதான் நடக்கும். தன் வண்டி 40-இல் நிற்க எத்தனை மீட்டர் எடுக்கிறது என்று டேப்பில் பார்ப்பவனுக்கு வருவது வேற மாதிரியான உணர்வு. அன்று மைதானத்தில் இருந்து கிளம்பியபோது அந்தப் பதினோரு பேரில் ஒருத்தர்கூட முறுக்கவில்லை. தூரம் எவ்வளவு என்று தெரிந்துவிட்டது.

"ரோட்டைச் சரிபண்ணச் சொல்லு, எங்களை ஏன் சொல்றே?" இதுவும் சரிதான். ரோட்டையும் கேட்போம். அது வர்ற வரைக்கும் நாம் இந்த ரோட்டில்தான் போக வேண்டியிருக்கு.

"அனுபவம் வந்தா சரியாயிடும்." ஆறு வருஷ அனுபவத்தோடு வந்த அண்ணனுக்கு 19 மீட்டர். தப்பான பழக்கத்தை ஆறு வருஷம் செய்தால், அது ஆறு வருஷம் இறுகிய தப்பான பழக்கம்.

ஹெல்மெட் பற்றி ஒரு வரி: ஐஎஸ்ஐ முத்திரை உள்ளது, தலைக்குச் சரியான அளவு, தாடையில் பட்டை மாட்டியது. டேங்க் மேல் வைத்த ஹெல்மெட் டேங்கைத்தான் காப்பாற்றும். இதற்கு மேல் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

காலேஜுக்கும் நமக்கும்

நம்ம காலேஜில் பைக் என்றால் ஒரே ஒரு கொள்கைதான்: தடை. முதல் வருடம் கொண்டு வரக் கூடாது. அப்புறம் கேட்டுக்கு வெளியே நிறுத்தணும். யாருக்காவது அடிபட்டால் ஒரு சுற்றறிக்கை. வீட்டிலும் அதேதான், ஒண்ணு "வாங்கித் தர மாட்டேன்", இல்லாட்டி "வாங்கிக்கோ, பார்த்துப் போ". பார்த்துப் போவது எப்படி என்று யாரும் சொல்வதில்லை.

ஜனவரி வந்தால் சாலைப் பாதுகாப்பு வாரம் கொண்டாடுகிறோம். பேரணி, வாசகப் போட்டி, கோலப் போட்டி, ஒரு குரூப் போட்டோ. என் கோரிக்கை எளிமையானது. அந்த வாரத்தில் ஒரு சனி, ஒரு ஞாயிறு மட்டும் பின்பக்க பார்க்கிங் மைதானத்தை எங்களுக்குக் கொடுங்கள். என்எஸ்எஸ்ஸும் மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் டிபார்ட்மென்ட்டுகளும் சேர்ந்து நடத்தட்டும். முறையாகச் சொல்லித் தரத் தெரிந்த ஒரு பயிற்சியாளரைக் கூப்பிடுவோம். ஒரு பேட்ச்சுக்கு 12 பேர், ஆம்புலன்ஸ் வசதி தயாராக, ஹெல்மெட்டும் ஷூவும் இல்லாதவர்களுக்கு இடம் இல்லை. பொண்ணுங்களுக்குத் தனி பேட்ச் வேண்டும் என்றால் அதுவும். ஸ்கூட்டரில் பாடம் கொஞ்சம் வேற, அங்கே ரெண்டு பிரேக்கும் கையில், சின்னச் சக்கரம் பள்ளத்தில் சீக்கிரம் மாட்டும். அதையும் தனியாகச் சொல்லித் தர வேண்டும். சிம்போசியத்துக்குப் போடும் ஃபிளெக்ஸ் பேனர் செலவில் இது முடிந்துவிடும்.

இது முக்கியமாக ஃபைனல் இயர்களுக்காக. இன்னும் சில மாதத்தில் ஆஃபர் லெட்டர் கையில் வரும். முதல் சம்பளத்தில் நம்மில் பாதிப் பேர் செய்யப் போவது டியூக்கோ புல்லட்டோ இஎம்ஐயில் எடுப்பது. அடுத்த நாளே ஓஎம்ஆரிலோ ஓசூர் ரோட்டிலோ, நம்மை யார் என்றே தெரியாத லாரிகளுக்கு நடுவே ஓட்டப் போகிறோம். அங்கே போய்க் கற்றுக்கொள்ள முடியாது.

காலேஜ் தரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆள், வண்டி, நாய் எதுவும் வராத, மணல் இல்லாத ஒரு சமமான இடம் பாருங்க. ரோட்டில் வேண்டவே வேண்டாம். ஹெல்மெட், முழு ஷூ, ஜீன்ஸ், கையுறை. ஒரு நேரத்தில் ஒரு வண்டி, பின்னாடி யாரும் உட்காரக் கூடாது. ஒரு செங்கல்லை ஓரமாக வைத்து, 20-இல் வந்து அதைத் தாண்டும்போது ரெண்டு பிரேக்கையும் பிழிந்து நிறுத்துங்க. அளந்து எழுதி வைங்க. பத்து தடவை செய்து, பத்தும் நேராகச் சறுக்காமல் நின்றால் மட்டும் 30. அதற்கு மேல் ஒரு பயிற்சியாளர் இல்லாமல் போக வேண்டாம். மாதம் ஒரு தடவை, ஒரு அரை மணி நேரம். மெக்கானிக் டயரோ பிரேக்கோ மாற்றினால் அன்றைக்கே இன்னொரு தடவை.

பார்க்கிறவங்க சிரிப்பாங்க. "என்னடா, எல்கேஜி மாதிரி கோன் வச்சு விளையாடுறீங்க?" என்பார்கள். சிரிக்கட்டும். அவங்களையும் கூப்பிட்டு, "மச்சி, நீ ஒரு தடவை வந்து நிறுத்திக் காட்டு" என்று டேப்பைக் கையில் கொடுங்க.

பார்க்கிங் மைதானத்துக்கான மனுவை மாணவர் மன்ற அறையில் வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை வரை அங்கேயே இருக்கும். உங்க பெயர், வருடம், டிபார்ட்மென்ட் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. வண்டி இல்லாதவங்களும் போடலாம். இன்னொருத்தர் வண்டியில் பின்னாடி உட்கார்ந்து போகிறவர்களும் அந்தப் பிரேக்கை நம்பித்தானே உட்காருகிறார்கள்?